மதில் யாருக்குப் பயந்தது? வேலூர் மலைக்கோட்டைகளை ஏறிப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வேலூருக்கு வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, அகழி ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கிழக்கே வரிசையாக நிற்கும் மொட்டைப் பாறை மலைகளை யாரும் கவனிப்பதில்லை. "நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை" என்று ஊர்ப் பழமொழியிலேயே அந்த மலைக்கு ஓர் இடம் கொடுத்து ஒதுக்கிவிட்டோம். ஆனால் கீழே இருக்கும் கோட்டையின் போர்க்கதை பாதிக்குமேல் அந்த மலைகளில்தான் நடந்தது. சஜ்ஜரா, குஜ்ஜரா, முர்துசாகர் என்று மூன்று மலைக்கோட்டைகள். மூன்றும் இடிந்து கிடக்கின்றன. இடிபாடு என்பதால் பார்க்க எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு ஏறினால் ஒரு காலைப்பொழுது போதாது.

ஏறுவது எப்படி, மேலே போய் எதைப் பார்ப்பது என்ற இரண்டையும் எனக்குத் தெரிந்தவரை விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: முந்தின நாள் மாலை கீழ்க்கோட்டைக்குப் போங்கள்

இதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம். மலைகள் கோட்டைக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் கீழிருந்து பார்த்தால் கண்ணில் வெயில்தான் அடிக்கும். மாலை நான்கரை, ஐந்து மணிக்கு மேற்கு வெயில் மலைமுகத்தில் நேராக விழும். அப்போது மதில்மேல் நின்று பார்த்தால், பாறையின் நிறத்திலேயே இருக்கும் மதில் வரிசை மெல்லத் தனியாகப் பிரிந்து தெரியும். இயற்கைப் பாறையில் நேர்கோடு இருக்காது. நேர்கோடாக ஓடுவது எதுவானாலும் மனிதன் வைத்தது. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, கலை நயமெல்லாம் பார்க்காமல், மலையின் விளிம்பை மட்டும் வரைந்து மதில் தெரியும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மேலே வழி தடுமாறும்போது கைப்பேசி வரைபடத்தைவிட இந்தத் தாள் அதிகம் உதவும்.

அங்கே நிற்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய அகழி, இரட்டை மதில், கொத்தளம் எல்லாம் கட்டியவர்கள் தலைக்குமேல் நிற்கும் மலையை ஏன் விட்டுவைத்தார்கள்? கோட்டை எழுந்தது 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்குக் கீழ்ப்பட்ட நாயக்கர்கள் காலத்தில். ஏணி வைத்து ஏறுகிறவனையும் யானையை விட்டுக் கதவை மோதுகிறவனையும் தடுக்க அகழியும் கல்மதிலும் போதும். மலைமேல் பீரங்கியை இழுத்து ஏற்றிவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். உயரத்தில் இருப்பவனுக்குக் கோட்டையின் உள்முற்றம்வரை தெரியும்.

1677இல் அதுதான் நடந்தது. அப்போது கோட்டை பீஜப்பூர் சுல்தானின் தளபதி அப்துல்லா கானிடம் இருந்தது. செஞ்சியைப் பிடித்துக்கொண்டு வந்த சிவாஜி வேலூரை முற்றுகையிட்டார். எளிதில் விழாது என்று தெரிந்ததும் முற்றுகையை நரஹரி ருத்ரா என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தார். ஏறத்தாழ 14 மாதம் இழுத்து, 1678இல்தான் கோட்டை மராட்டியர் கைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் பக்கத்துக் குன்றுகளில் மராட்டியர் அமைத்தவைதான் சாஜிரா, கோஜிரா என்று அவர்களுடைய பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. மராட்டியில் அது ஓர் இணைச்சொல். நாம் 'அழகும் எழிலும்' என்று சொல்வதுபோல. நம் வாயில் அது சஜ்ஜராவ், குஜ்ஜராவ் என்று திரிந்து, யாரோ இரண்டு ராவ்களின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. முர்துசாகர், ஆற்காட்டு நவாப் குடும்பத்து மருமகனும் வேலூர்க் கோட்டையை வைத்திருந்தவருமான முர்துசா அலியின் பெயரைத் தாங்கியது. 1742இல் நவாப் சஃப்தர் அலி இதே வேலூரில் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்தவர் அவர்தான்.

இரண்டாம் படி: அனுமதி, ஆள், காலம்

வேலூரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. மாவட்ட வன அலுவலகத்துக்கு நேரில் போய், எந்த மலை, எத்தனை பேர், என்றைக்கு என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்கூட்டியே போவது நல்லது. இதைச் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களை மறந்துவிட முடியாது. வேலூர் மலைகளிலும் பிப்ரவரி முடிந்தால் புல் காய்ந்து சருகாகிவிடும். ஒரு தீக்குச்சி போதும்.

காலம் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதிவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுனைகளில் நீர் நின்று, பாறை காய்ந்திருக்கும் நேரம் அது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வழிகாட்ட ஆள் வேண்டும். சைதாப்பேட்டை, சலவன்பேட்டை என்று மலையடியிலேயே தெருக்கள் இருக்கின்றன. அங்கே ஆடு மேய்க்கிறவர்களைவிட மலையை அறிந்தவர்கள் கிடையாது. நான் முதல்முறை போனபோது என்னுடன் வந்த பெரியவர் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ரெண்டு பாட்டிலு தண்ணிய வெச்சிகினு மலை ஏறப் போறியா?" என்று கேட்டார். கீழே ஒரு கடையில் நிறுத்தி இன்னும் இரண்டு பாட்டில் வாங்க வைத்தபிறகுதான் நடக்க ஆரம்பித்தார். மதியம் இறங்கும்போது ஒரு சொட்டு மிஞ்சவில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் என்று நான் கணக்கு வைத்திருப்பது அன்றிலிருந்துதான். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். அவர் உங்களுக்காக அன்றைய மேய்ச்சலை விடுகிறார்.

பையில் வேறு என்ன? முழுக்கை சட்டை, கணுக்கால்வரை மூடும் அழுத்தமான செருப்பு அல்லது ஷூ, தொப்பி, ஓஆர்எஸ் பொட்டலம், டார்ச், சின்ன அளவு நாடா, நோட்டு, பென்சில். அவ்வளவுதான்.

மூன்றாம் படி: ஏறுவது

விடியற்காலை, கண்ணுக்கு வழி தெரிய ஆரம்பித்ததும் கிளம்புங்கள். ஊர்ப்பக்கம், அதாவது மேற்குச் சரிவில் ஏறுவதால், சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து வரும்வரை உங்கள் பாதை நிழலிலேயே இருக்கும். இது பெரிய கொடை. ஏற ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், நின்று நின்று போகலாம். பத்து மணிக்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். அதற்குமேல் பாறை சுட ஆரம்பித்தால் ஏறியதைவிட இறங்குவது கஷ்டம்.

கையை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வையுங்கள். சுருட்டை விரியனுக்கு இப்படிப்பட்ட வறண்ட கல்மலை பிடித்த இடம். உள்ளங்கை அகலக் கல்லுக்கு அடியில்கூடச் சுருண்டு கிடக்கும். சரிந்த மதில் குவியல்மேல் ஏறி நடக்காதீர்கள். கல் நழுவும், அடியில் பாம்பும் இருக்கலாம். கடி பட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, உடனே இறக்கிக் கொண்டு போங்கள். சிஎம்சியும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்திலேயே இருப்பது இந்த ஊரின் பாக்கியம். பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் சுற்றிப் போய்விடுங்கள். அன்றைக்கு வாசனைத் தைலம், சென்ட் எதுவும் பூச வேண்டாம்.

ஏறும்போதே பார்க்க வேண்டியது ஒன்று. பாதை ஓரப் பாறைகளில் தையல் போட்டது மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தென்பட்டால் நின்றுவிடுங்கள். கல் உடைக்கிறவர்கள் உளியால் குழி வரிசை போட்டு, அதில் ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளந்த தடம் அது. குழி வரிசை இருந்தும் பிளக்காமல் விட்ட பாறையும் கிடைக்கலாம். யாரோ ஒருவர் காலையில் குழி போட்டு, எதற்காகவோ வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மலைக்கோட்டைக்குக் கல் பெரும்பாலும் அந்த மலையிலேயே எடுத்ததுதான். கீழிருந்து தூக்கி வந்தது செங்கல்லும் சுண்ணாம்பும்.

நான்காம் படி: மேலே போனதும் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

எல்லோரும் மேலே போனதும் ஊரைப் பார்க்கத் திரும்பி நின்றுவிடுகிறார்கள். அது கடைசியில். முதலில் தண்ணீர்.

மலைமேல் இருக்கும் படைக்கு அரிசி கீழிருந்து வரலாம், வெடிமருந்தும் வரலாம். முற்றுகை வந்து பாதை அடைபட்டுவிட்டால் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். தண்ணீரைச் சமாளிக்க முடியாது. எனவே கோட்டை கட்டுகிறவன் பாறையில் நீர் தேங்கும் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதை வெட்டி ஆழமாக்கி, விளிம்பைக் கட்டி உயர்த்தி, அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் அமைப்பான். சுனையைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பக்கத்தில் குடியிருப்பு, சமையல், காவல் மூன்றும் இருக்கும்.

குளத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்து உள்சுவரைப் பாருங்கள். கட்டிய தொட்டி என்றால் காரைப் பூச்சு இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். சுவரும் தரையும் சேரும் மூலையில் விரலை ஓட்டினால் மூலை கூர்மையாக இருக்காது, வளைத்து மொழுகியிருப்பார்கள். கூர்மையான மூலையில் விரிசல் விழும், விரிசலில் நீர் கசியும். ஒரு கொத்தனார் கரண்டியைச் சாய்த்து அந்த வளைவை இழுத்த தடம்கூடச் சில இடத்தில் பதிந்திருக்கும். மலையுச்சியில், ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று யாரோ கவனமாகச் செய்த வேலை. மதிலையும் பீரங்கி மேடையையும்விட இந்த வளைவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சுனை நீரைக் குடிக்க வேண்டாம். கை கால் கழுவவும் வேண்டாம். ஆடுகளும் மற்ற உயிர்களும் குடிக்கிற நீர் அது.

ஐந்தாம் படி: மதிலின் முகத்தைப் பார்ப்பது

மேலே இருக்கும் ஒவ்வொரு மதிலிடமும் கேளுங்கள்: நீ யாருக்குப் பயந்து கட்டப்பட்டாய்?

எப்படித் தெரிந்துகொள்வது? மதிலுக்கு வெளிப்பக்கம், உள்பக்கம் என்று இரண்டு உண்டு. வீரர்கள் நடக்கும் மேடையும் அதில் ஏறும் படிக்கட்டும் உள்பக்கம் இருக்கும். மறைந்து நிற்கும் கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம். அதில் பல் பல்லாக இருப்பதைத்தான் பழந்தமிழில் ஞாயில் என்றார்கள். அந்தச் சுவரில் துப்பாக்கி நீட்டும் துளைகள் இருந்தால், அவை பெரும்பாலும் உள்ளே அகலமாகவும் வெளியே குறுகலாகவும் இருக்கும். உள்ளே நிற்பவன் துப்பாக்கியை அப்படி இப்படித் திருப்ப இடம் வேண்டும், வெளியே இருப்பவனுக்கு இலக்கு தெரியக் கூடாது. துளையில் கண்ணை வைத்துப் பாருங்கள். கையைத்தான் முதலில் விடக் கூடாது, டார்ச் அடித்து உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுக் குனியுங்கள். சில துளைகள் நேராகத் தொடுவானத்தைக் காட்டும். சில, கீழ்நோக்கிச் சரிந்து, நீங்கள் மூச்சு வாங்க ஏறி வந்த அதே பாதையின் ஒரு வளைவை மட்டும் காட்டும். சற்றுமுன் நின்று தண்ணீர் குடித்த இடம் அந்தச் சதுரத்துக்குள் தெரியும்போது முதுகு சில்லிட்டுப்போகும்.

சரி, முகம் தெரிந்துவிட்டது. இப்போது அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். ஊரை, அதாவது கீழ்க்கோட்டையைப் பார்த்திருந்தால், கீழே இருப்பவர்கள் எதிரிகள் என்று நினைத்தவன் அதை அமைத்திருக்கலாம். 1677இன் மராட்டியர் நிலை அதுதான். ஊருக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்திருந்தால், கீழ்க்கோட்டை தன்னுடையது, மலையைப் பிடிக்க வருகிறவன்தான் எதிரி என்று நினைத்தவனுடையது.

இரண்டாவது நிலை 1780இல் வந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை நொறுக்கிய கையோடு, மைசூரை ஆண்ட ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். அந்த ஆண்டு இறுதியில் வேலூர் முற்றுகைக்கு உள்ளானது. கீழ்க்கோட்டையில் ஆங்கிலேயத் தளபதி ராஸ் லாங். மலைகளை விட்டால் கோட்டை போய்விடும் என்று தெரிந்து அவர்கள் மலைமேலும் காவல் வைத்திருந்தார்கள். மைசூர்ப் படைக்கும் அது தெரியும், அதனால் அவர்களும் மலையைத்தான் குறி வைத்தார்கள். ஆனால் மலை விழவில்லை. முற்றுகை விட்டு விட்டுத் தொடர, உள்ளே அரிசி தீர்ந்துகொண்டே வந்தது. 1781 நவம்பரில் ஒருமுறையும் 1782 ஜனவரியில் ஒருமுறையும் ஆங்கிலேயத் தலைமைத் தளபதி அயர் கூட் தானிய வண்டிகளுடன் படையை நடத்தி வந்தார். இரண்டாவது முறை வரும் வழியில் நோய் தாக்கி, பல்லக்கில் கிடந்தபடியே வேலூர் வந்து சேர்ந்தார்.

ஒரே மலையை நூறு ஆண்டு இடைவெளியில் ஒருவன் கோட்டையைத் தாக்கவும் இன்னொருவன் காக்கவும் பயன்படுத்தியிருக்கிறான். அதனால் எல்லா மதிலும் ஒரே பதிலைச் சொல்லாது. பழைய மதில்மேல் புதிய கைப்பிடிச் சுவர், கல்லுக்குமேல் செங்கல், ஒரு வாசலை அடைத்துப் பூசிய இடம் என்று ஒட்டுவேலைகள் இருக்கும். சாந்தில்லாமல் பெரிய கல்லாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் பழசு. செங்கல்லும் சுண்ணாம்பும் துப்பாக்கித் துளையுமாக இருப்பது பின்னால் வந்தது. இதை வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லலாம். முதல் பயணத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

கூரையில்லாத அறைகளைப் பார்க்கும்போது சுவரின் தடிமனை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தடித்த சுவர், சன்னல் இல்லை, மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி நிற்கிறது என்றால் வெடிமருந்துக் கிடங்காக இருக்க வாய்ப்பு அதிகம். வெடித்தாலும் மற்றவர்கள் பிழைக்க வேண்டுமே.

ஆறாம் படி: இப்போது ஊரைப் பாருங்கள்

இந்நேரம் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏறியிருக்கும். கீழே கோட்டை முழுவதும் வெளிச்சத்தில். படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. அகழி நீர் பளபளப்பதை வைத்துக் கோட்டையின் உருவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கோபுரத்தைத் தேடுங்கள். வடக்கே பாலாற்று மணல், அதற்கப்பால் காட்பாடி. மேற்கே ஆம்பூர்ப் பக்கம் பள்ளத்தாக்கு நீள்கிறது. மைசூரிலிருந்து கணவாய் இறங்கி வருகிற படைக்கு அதுதான் வழி. கிழக்குச் சரிவுக்கு வந்து நின்றால் ஆற்காட்டுத் திசை. இங்கே நிற்கும் காவல்காரனுக்குப் படை கிளப்பும் புழுதி எவ்வளவு முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முந்தின நாள் வரைந்த தாளை எடுத்து, நிற்கும் இடத்தை அதில் குறியுங்கள்.

செய்யக் கூடாதது

புதையல். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. மலைக்கோட்டை என்றாலே தங்கம் புதைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இரவில் வந்து தரையைத் தோண்டுகிறார்கள். ஒருமுறை நான் போனபோது ஓர் அறையின் நடுவில் இடுப்பளவு குழி, பக்கத்தில் எலுமிச்சம்பழமும் குங்குமமும். பெயர்த்துப் போட்ட தளக்காரை துண்டு துண்டாகக் கிடந்தது. படைக் காவலில் இருந்தவன் எதற்குத் தங்கத்தை மலைமேல் வைக்கப் போகிறான்? அவனிடம் இருந்ததே தண்ணீரும் அரிசியும் வெடிமருந்தும்தான். பீரங்கிக் குண்டோ, காசோ, பானை ஓடோ கண்ணில் பட்டால் தொடாமல் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள். மண்ணில் கிடைக்கும் பழம்பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலும் சொல்லலாம்.

பெயர் எழுதுவது, அடுப்பு மூட்டுவது, குப்பையை விட்டு வருவது பற்றி இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பயணத்துக்கு: ஆம்பூர் துருகம்

வேலூர் மலைகளைப் பார்த்துப் பழகியபிறகு ஆம்பூர் துருகத்துக்கு, அதாவது ஆம்பூர் மலைக்கோட்டைக்குப் போங்கள். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் போரில் விழுந்தது அந்த மலைகளின் அடிவாரத்தில்தான். 1767 இறுதியில் ஹைதர் அலி ஆம்பூரைச் சுற்றி வளைத்தபோது, ஆங்கிலேயக் கேப்டன் கால்வர்ட் என்பவர் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களே கொண்ட ஒரு சிறு படையுடன் ஒரு மாதத்துக்கு அருகில் தாக்குப் பிடித்தார். அதற்குப் பரிசாக அந்தச் சிப்பாய்ப் படைப்பிரிவு தன் கொடியில் ஆம்பூர் மலைப்பாறையின் உருவத்தைப் பொறித்துக்கொள்ள அனுமதி பெற்றது. துருகத்துக் காப்புக்காடு வேலூர் மலைகள் மாதிரி ஊரை ஒட்டியது இல்லை, அடர்ந்தது, யானை நடமாட்டம் இருக்கலாம். வனத்துறை ஆள் கூட வராமல் காலடி வைக்காதீர்கள். அனுமதி கிடைக்கவில்லையென்றால் ஆம்பூர் ரயில் நிலையத்தில் மாலையில் இறங்கி, வெயில் சாய்கிறவரை மலை விளிம்பைப் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டு திரும்புங்கள்.